ஒரு கார் விலைக்கு ஒரு தலையணை

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டாட்காம் என்றால்தான் தெரியும். 'டாட்காம் வீடு எது?' என்று கேட்டால், முனையில் துணி தேய்க்கிறவர் கையிலிருக்கும் இஸ்திரிப் பெட்டியாலேயே எங்கள் மாடியைக் காட்டுவார். நான் டாட்காம் சம்சாரம். முதலில் கோபம் வந்தது, பிறகு விட்டுவிட்டேன். கோபப்படுவதற்கு வீட்டுக்குள்ளேயே போதுமான விஷயம் இருந்தது.

பகலில் அவருக்கு ஒழுங்கான வேலைதான். அலுவலகம் அலுவலகமாகப் போய் நகல் எடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பார். விரல் இடுக்கில் எப்போதும் கறுப்பு மைப்பொடி. வேலையில் குறை சொல்லவே மாட்டேன். காகிதம் சிக்கி ஆபீசே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்; இவர் போய் இயந்திரத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கிழிந்த துண்டு ஒன்றை இழுத்துப் போட்டுவிட்டு, அவர்கள் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு வருவார். அந்தச் சம்பளத்திலும் என் சம்பளத்திலும் நாங்கள் நிம்மதியாக இருந்திருக்கலாம். இவருக்கு இன்னொரு வியாபாரம் இருந்ததுதான் வினை.

இணையத்தில் கடை போட வேண்டுமென்றால் அதற்கு ஒரு முகவரிப் பெயர் வேண்டும். முதலில் கேட்கிறவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிடுவார்கள். வருடா வருடம் ஒரு சின்னத் தொகை கட்டினால் அது நம்முடையது. இவர் கடை எதுவும் போடாமல் பெயரை மட்டும் பிடித்துப் பிடித்து வைத்துக்கொண்டார். என்றைக்காவது ஒருநாள் அந்தப் பெயர் இல்லாமல் முடியாது என்று ஒருவன் பெரிய விலையோடு ஓடி வருவானாம். குடை டாட்காம், சீப்பு டாட்காம், பக்கெட் டாட்காம் எல்லாம் எங்களுடையவை. ஒருநாள் கொட்டாவி டாட்காமைப் பிடித்துவிட்டு வந்து, ஏதோ பெரிய பரிசு வாங்கினவர் மாதிரி சமையலறை வாசலில் நின்றார்.

“கொட்டாவியை எவன்ங்க வாங்குவான்?”

“தூக்க மாத்திரை கம்பெனி வாங்குவான். காப்பித்தூள்காரன் வாங்குவான். யோசிச்சுப் பாரு.”

“விலை கேக்கறதுக்குள்ள அவனுக்கே கொட்டாவி வந்துடும்.”

இதற்கெல்லாம் வருடக் கட்டணம் போவது என் வங்கி அட்டையிலிருந்து. நான் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். கன்னம் வீங்கி வருகிறவர்களிடமெல்லாம் சிரித்த முகத்தோடு 'உக்காருங்க, டாக்டர் இப்ப வந்துடுவார்' என்று பொய் சொல்லிச் சம்பாதிக்கிற காசு. ஒரு தடவை அவருடைய அட்டை காலாவதியாகி, பணம் கட்டப்படாமல், இரண்டு நல்ல பெயர்கள் கைநழுவிப் போய்விட்டன. அன்று மனிதர் சாப்பிடவே இல்லை. பார்க்கச் சகிக்காமல் என் அட்டையைக் கொடுத்தேன். அதனால் எந்தெந்தப் பெயர் கையில் இருக்கிறது என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வேறு யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

அந்தத் தொழிலின் வழக்கம் அப்படி. விற்கிறவன் தன்னை மறைத்துக்கொள்வான். அவன் சாதாரண ஆள் என்று தெரிந்தால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். வாங்குகிறவனும் மறைந்துகொள்வான், அவன் வசதியானவன் என்று தெரிந்தால் விலை எகிறிவிடும். நடுவில் ஒரு தரகர் நின்று இவன் சொன்னதை அவனிடமும் அவன் சொன்னதை இவனிடமும் சொல்வார். கண்ணைக் கட்டிக்கொண்டு பேரம் பேசுகிற வியாபாரம்.

“ஒரு வார்த்தைக்கு எதுக்குங்க அவ்ளோ விலை?” என்று வாயைக் கிளறினால் போதும், சாப்பாட்டை மறந்துவிட்டுப் பேசுவார்.

“கடைத்தெருவுல முனைக் கடைக்கு ஏன் வாடகை ஜாஸ்தி? அதுல செங்கல் ஜாஸ்தியா? கண்ணுல படுது, அவ்ளோதான். பேரும் அப்படித்தான். ஒரு தடவை காதுல விழுந்தா மறக்கவே கூடாது. விளம்பரத்துக்குக் கொட்டற காசை மிச்சம் பண்ணி இதுல போடறான். கணக்குப் பாத்தா அவனுக்கு லாபம்.”

“முனைக் கடைக்கு முன்னாடி ஜனங்க நடக்கறாங்க. உங்க கொட்டாவிக்கு முன்னாடி யாரு நடக்கறா?”

“நடப்பாங்க” என்பார். இத்தனை வருஷத்தில் விற்றது இரண்டே இரண்டு. ஒன்றில் வந்த பணத்தில் வெளியே போய்ச் சாப்பிட்டோம். இன்னொன்றில் வந்ததில் சாப்பிட்டுவிட்டு டாக்சியில் திரும்பி வந்தோம்.

நான் இப்படி வாரினாலும் எனக்கு உரிமை இருக்கிறது. கட்டிக்கொண்டவள், அட்டையும் என்னுடையது. என் அண்ணனுக்கு என்ன வந்தது? அவர் மெத்தைக்கடை வைத்திருக்கிறார். முன்னால் கடை, பின்னால் பஞ்சும் நுரைத் துண்டுமாகப் பட்டறை. தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகிய தொண்டை. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், முதல் வாய் உள்ளே போவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார்.

“என்ன மாப்பிள்ளை, காத்து இன்னிக்கி கிலோ என்ன விலை?”

இவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார்.

“நானாவது பஞ்சைப் பையில அடைச்சு விக்கறேன். எங்க மாப்பிள்ளை பையே இல்லாம காத்தை விக்கறாரு. கெட்டிக்காரர்!”

சொல்லிவிட்டுத் தானே வயிறு குலுங்கச் சிரிப்பார். என் வீட்டுக்காரர் அப்போதும் தட்டைத்தான் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இதே பேச்சு, இதே சிரிப்பு. ஒருநாள் அண்ணன் கிளம்பிப் போனதும் இவர் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னார்:

“எனக்குப் பணம்கூட அப்புறம்தான். உங்க அண்ணன் வாயால, நாலு பேர் எதிர்ல, ‘இதுக்கு விலை உண்டு’ன்னு சொல்லணும். அது ஒண்ணு போதும் எனக்கு.”

“அதுக்குக் கொட்டாவியை வித்துடலாங்க. அது சுலபம்” என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான், இந்த மனிதர் இத்தனை நாள் தட்டைப் பார்த்துக்கொண்டு எதை விழுங்கிக்கொண்டிருந்தார் என்று எனக்கு உறைத்தது.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான், எங்களிடமிருந்த தலையணை டாட்காமுக்கு ஆள் வந்தது. வந்தது என்றால், ஒரு தரகர் பெண் போன் செய்தாள். மூச்சு விடாமல் பேசுகிற ரகம். யாரோ ஒருவர் தலையணை என்ற பெயரை வாங்க ஆசைப்படுகிறாராம், யாரென்று சொல்ல முடியாதாம். இவர் உடனே பதில் சொல்லவில்லை. உடனே பதில் சொன்னால் பறக்கிறான் என்று தெரிந்துவிடுமாம். பறக்கத்தான் செய்தார். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினார், மின்விசிறி இறக்கையைத் துடைத்தார், என் செருப்புக்குக்கூட பாலிஷ் போட்டார். நன்றாகக் காக்க வைத்துவிட்டு, ‘விக்கற எண்ணம் இல்லையே’ என்று இழுத்தார். பிறகு ஒரு விலை சொன்னார், அந்தப் பக்கமும் விலை ஏறியது. இவர் முகத்தில் ஒளி ஏறியது. அந்த விலைக்கே தலையாட்டிவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் ஒரு சாயங்காலம் தரகர் பெண்ணிடம் பால்கனியில் நின்று பேசிவிட்டு உள்ளே வந்தவரின் முகம் ஒரு மாதிரி இருந்தது. தண்ணீர் கேட்டார். செம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். அதற்குப் பிறகு, அதுவரை தான் கேட்டிருந்த விலையை அப்படியே இரட்டிப்பாக்கிவிட்டார். ஒரு புதுக் காரின் விலை! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஏங்க, புத்தி பிசகிடுச்சா? வந்த ஆளும் ஓடிடுவான்.”

“ஓட மாட்டான்” என்றார். பிடித்த பிடியில் நின்றார்.

அந்த வாரக் கடைசியில் நான் அண்ணன் கடைக்குப் போனேன். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது, ஒரு திண்டு தைத்துக்கொள்ளலாம் என்று. அண்ணன் என்னைப் பட்டறைக்குள் இழுத்துக்கொண்டுபோய், அவருக்கு வரவே வராத கிசுகிசுக் குரலில் சொன்னார்:

“ஒரு விஷயம். யார்கிட்டயும் வாய் திறக்காதே. முக்கியமா மாப்பிள்ளைகிட்ட. நான் இன்டர்நெட்டுல கடை போடப் போறேன். மெத்தையை ஒருத்தன் வாழ்க்கையில ரெண்டு தடவை வாங்கினா பெரிசு. தலையணை அடிக்கடி மாத்துவான். அதனால தலையணைங்கற பேரையே வாங்கிடலாம்னு பாத்தா, எவனோ ஒருத்தன் அதைப் பிடிச்சு வச்சுக்கிட்டு என் உயிரை எடுக்கறான். ஒரு கார் விலை கேக்கறான்! பெரிய முதலைபோல. எங்கேயோ ஏசி ரூம்ல கால் மேல கால் போட்டு உக்காந்திருப்பான்.”

அந்த முதலை அப்போது எங்கள் குளியலறையில், ஒழுகுகிற குழாய்க்குப் பழைய துணி சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டேன். பஞ்சு தூசி என்று அண்ணன் தண்ணீர் கொடுத்தார். சிரிப்பு அடங்கியதும்தான் சிக்கல் புரிந்தது. அண்ணனின் பழைய வேன் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிற வேன். புதுசு வாங்கச் சேர்த்த பணத்தைத்தான் இந்தப் பெயருக்குக் கொடுக்கப் போகிறாராம். சொல்லாமல் இருந்தால், கூடப் பிறந்தவர் பணம் என் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக வருகிறது. என் வீட்டுக்காரரிடம் சொன்னால், மனிதர் இளகிப்போய் ‘சும்மா எடுத்துக்கோங்க மச்சான்’ என்று தூக்கிக் கொடுத்துவிடுவார்; அண்ணன் அதையும் வாங்கிக்கொண்டு, காற்று ஓசியில் வந்தது என்று ஆயுசுக்கும் சிரிப்பார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் வலிக்காத பல்லுக்கு யாருக்கோ நேரம் குறித்துக் கொடுத்தேன்.

கடைசியில் மனசு கேட்கவில்லை. அண்ணனிடம் போய்ப் போட்டு உடைத்துவிட்டேன்.

அண்ணன் அடுக்கியிருந்த மெத்தைமேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அந்த முதலை நம்ம மாப்பிள்ளையா?”

“அவரேதான். நீங்க நேர்ல ஒரு வார்த்தை கேட்டா காசே வாங்காம குடுத்துடுவார் அண்ணே.”

“கேக்கறதா? நானா?” பழைய குரல் திரும்பிவிட்டது. “இத்தனை வருஷம் காத்து காத்துன்னு சொன்ன வாயால, ‘காத்து குடுங்க மாப்பிள்ளை’ன்னு போய் நிக்கச் சொல்றியா? அதுக்கு அந்தக் கார் விலையே தேவலை!”

“அதுக்காக முழு விலையுமா?”

“நேத்து வரைக்கும் அந்த விலை குடுக்கலாம்னுதானே நெனச்சேன்? கணக்குப் போட்டுதானே நெனச்சேன்? ஆள் யாருன்னு தெரிஞ்சதும் விலை எப்படி குறையும்? நான் பேருக்கு விலை பேசினேனா, ஆளுக்கா?” என்றவர், உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார். “வாங்கினது நான்தான்னு, அதுவும் அவர் பொருள்னு தெரிஞ்சே வாங்கினேன்னு, மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியவே கூடாது. சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். வேறு என்ன செய்வது? பொய் சொல்ல மாட்டேன், உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தும் இருந்தது.

பணம் வந்தது, பெயர் போனது. என் வீட்டுக்காரர் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு, குளியலறைக்கு ஒரு புதுக் குழாய் வாங்கினார். ஆடுவார் பாடுவார் என்று பார்த்தால், மனிதர் காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் போனை எடுத்துத் தலையணை டாட்காமைத் திறந்து பார்ப்பார். வெறும் வெள்ளைப் பக்கம். மறுநாளும் பார்ப்பார். அதே வெள்ளை. ‘சே’ என்பார்.

அந்தப் பக்கம் அண்ணன் கதை இன்னும் மோசம். பெயரை வாங்கியாயிற்று, ஆனால் கடையைத் திறந்தால் வாங்கியது யாரென்று மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிடும். கார் விலை கொடுத்து வாங்கியதைப் பூட்டி வைத்துக்கொண்டு, ஏறாத வேனில் தலையணை ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். காற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“மழை வரும்போல இருக்கு மாப்பிள்ளை” என்றார்.

“ஆமாம் மச்சான், மூட்டம் போட்டிருக்கு” என்றார் இவர்.

இரண்டு பேரும் இவ்வளவு மரியாதையாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. நடுவில் உட்கார்ந்திருந்த நான்தான் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

இப்படியே மாதங்கள் ஓடின. ஒருநாள் காலை, வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு இவர் போனைக் கட்டிலில் வீசினார்.

“ஏன்தான் தொறக்க மாட்டேங்கறாரோ உங்க அண்ணன்!”

கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து ஓடி வந்தேன். “எங்க அண்ணனா?”

“பின்னே? அன்னிக்கி அந்தத் தரகர் பொண்ணு, ‘அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன் சார், கோவிச்சுக்காதீங்க’ன்னு சொன்னா. பஞ்சைப் பையில அடைச்சு விக்கறவனே இவ்ளோ கேக்க மாட்டான், பையே இல்லாத காத்துக்கா இவ்ளோன்னாளே! இந்த வசனம் எனக்கு மனப்பாடமாச்சே. அதனாலதான் விலையை ரெண்டு மடங்கு ஏத்தினேன். வேற ஆளா இருந்தா பாதிக்கே குடுத்திருப்பேன்.”

“அடப்பாவி மனுஷா! எங்க அண்ணன்னு தெரிஞ்சேவா?”

“ஆமாம்” என்றவர், அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். குரல் இறங்கிவிட்டது. “பழி தீர்த்துட்டோம்னு அன்னிக்கி குதிச்சேன். இப்பப் பாரு. அவர் எவன்கிட்டயோ குடுத்ததா நெனச்சிட்டிருக்காரு. என் பொருளுக்குத்தான் அந்த விலை குடுத்தோம்னு அவருக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் அவர் வாயால எங்கேருந்து வரும்? பணம் வந்து என்ன பண்ண, கேக்க வேண்டியதைக் கேக்கலையே.”

எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, ஒரு பக்கம் இரண்டு பேர் மண்டையையும் சேர்த்து முட்ட வேண்டும்போல இருந்தது. செய்த சத்தியம் வாயைக் கட்டியது. ஆனால் கடைக்கு வழி காட்டக்கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கவில்லையே.

“சட்டையை மாட்டுங்க. போய் நேர்லயே கேளுங்க” என்று கிளப்பிக்கொண்டு போனேன்.

கடையில் ஒரு வாடிக்கையாளர் அம்மாள் தலையணைகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பெரிய பையோடு, விலை பேசுவதற்கென்றே சாப்பிட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தார். “சாதாரண பஞ்சுதானே, இதுக்குப் போய் இவ்ளோவா? பாதி போட்டுக்குங்க” என்று அண்ணனை வறுத்துக்கொண்டிருந்தார். பின்னால் தையல்காரர்கள் இரண்டு பேர் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் நேராக மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

“மச்சான், தலையணையை எப்ப தொறக்கப் போறீங்க?”

அண்ணன் மென்று விழுங்கினார். “எந்தத் தலையணை மாப்பிள்ளை?”

“ஒரு கார் விலைக்கு என்கிட்ட வாங்கினீங்களே, அது.”

மிஷின்கள் நின்றன. அந்த அம்மாளின் முஷ்டி தலையணைக்குள் புதைந்தபடியே நின்றது. அண்ணன் என் பக்கம் திரும்பி, “சொல்லிட்டியா?” என்று கத்தினார்.

“என்னத்தை? அப்ப மச்சானுக்கு ஏற்கனவே தெரியுமா?” என்று இவர் என் பக்கம் திரும்பினார்.

“அவருக்கும் ஏற்கனவே தெரியுமா?” என்றார் அண்ணன்.

“ரெண்டு பேருக்கும் தெரியும்!” என்று நானும் கத்தினேன். “அவருக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. இதையெல்லாம் வயித்துல வச்சுக்கிட்டு நான்தான் இத்தனை மாசமா சாப்பிடாம செத்தேன்!”

“நான்தான்னு தெரிஞ்சேவா மாப்பிள்ளை அந்த விலை சொன்னீங்க?”

“என்னுதுன்னு தெரிஞ்சேதானே மச்சான் நீங்களும் குடுத்தீங்க?”

முதலில் உருகியது என் வீட்டுக்காரர்தான், எதிர்பார்த்ததுதானே. “வேணும்னா பாதியைத் திருப்பித் தந்துடறேன்” என்றார், அசடு வழிய.

அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “என்னங்க இது, கார் விலைக்குத் தலையணையா?”

அண்ணன் அவரைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். கையிலிருந்த அளவு நாடாவை மேசைமேல் வைத்தார். முப்பது வருஷ வியாபாரி நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கண்ணால் கண்டேன்.

“தலையணை இல்லம்மா, தலையணைங்கற பேரு. உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. எத்தனையோ பேர் தவம் கெடந்தாங்க, எங்க மாப்பிள்ளை யாருக்கும் குடுக்கலை. எனக்குக் குடுத்தாரு. ரெண்டு கார் விலை!”

“மச்சான், ரெண்டு—” என்று இவர் ஆரம்பித்தார். அண்ணன் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார்.

“சும்மா குடுப்பேனாம்மா நான்? அதுக்கு விலை உண்டு. அந்த விலை உண்டு.”

அந்த அம்மாள் முஷ்டியைத் தலையணையிலிருந்து மெதுவாக எடுத்தார். குத்திய இடத்தைத் தடவியும் கொடுத்தார். “வெறும் பேருக்கே ரெண்டு கார் குடுத்தவங்க பஞ்சுலயா ஏமாத்தப் போறீங்க? சரி, நாலு கட்டுங்க” என்று, பேரம் பேசாமல், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போனார். தையல்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். மனிதர் பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கேட்கக் காத்திருந்தது, நாலு பேர் எதிரிலேயே காதில் விழுந்துவிட்டது. அது ஒரு கார் உண்மை, ஒரு கார் பொய்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த அம்மாள் படி இறங்கியதும் அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு இவர் பக்கம் சாய்ந்தார்.

“பாதி திருப்பித் தரேன்னீங்களே மாப்பிள்ளை. எப்ப வச்சுக்கலாம்?”

இவர் குனிவார் என்று பார்த்தேன். தரையைப் பார்த்துச் சிரிப்பார், நாளைக்கே வங்கிக்குப் போகிறேன் என்பார். மனிதர் குனியவில்லை. அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தார்.

“ரெண்டு கார் விலைன்னு நீங்களே இத்தனை பேர் எதிர்ல சொல்லிட்டீங்க மச்சான். இதுவரைக்கும் வந்தது ஒண்ணுதான். மிச்சம் ஒரு காரை நீங்க எப்ப தரீங்க?”

தையல்காரர்களில் ஒருவர் கொல்லென்று சிரித்துவிட்டார். அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். என் அண்ணனுக்குப் பதில் வராமல் போனதை நான் பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.